இரண்டு பிஸ்டன் கேலிப்பரும் இறுகிப்போன ஸ்லைடர் பின்னும்

நண்பன் ஒருவன் பைக் மாற்றப் போகிறான். "மச்சான், நாலு பிஸ்டன் ரேடியல் கேலிப்பர் வச்ச வண்டிக்குக் கூடக் காசு கொடுக்கலாமா? உன் வண்டி ரெண்டு பிஸ்டன்லயே நல்லாத்தானே நிக்குது?" என்று கேட்டான். கேலிப்பர் என்றால் டிஸ்க் பிரேக்கில் பேடை இருபுறமும் அழுத்தி டிஸ்க்கைப் பிடிக்கிற கவ்வி; அதை அழுத்துவது பிஸ்டன். என் 150 சிசி வண்டியின் முன் பிரேக்கை மெக்கானிக்கிடம் கொடுத்து முழுசாகப் பிரித்துப் பார்த்தது போன வாரம்தான். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். புதிதில் இந்த பிரேக் அருமை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பின்னால் ஆளை வைத்துக்கொண்டு இறங்கியிருக்கிறேன். லீவரில் இரண்டு விரல் போதும். எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு பிடிக்கும், கூடவும் இல்லை குறையவும் இல்லை.

இரண்டு மழைக்காலம் போனதும் ஆரம்பித்தது தொல்லை. லீவர் மரக்கட்டை மாதிரி ஆகிவிட்டது. அழுத்தம் கொடுத்தாலும் வண்டி தயங்கித்தான் நின்றது. வண்டியைத் தள்ளினால் முன் சக்கரம் உரசிக்கொண்டே வந்தது. சர்வீஸுக்கு விட்டேன், பேட் மாற்றினார்கள், பில் போட்டார்கள். சில மாதத்தில் மறுபடி அதே கதை. திரும்பப் போனால் மறுபடி பேட், மறுபடி பில்.

கடைசியில் தெருமுனை மெக்கானிக்தான் கேலிப்பரைக் கழற்றி பேட் இரண்டையும் கையில் கொடுத்தார். பிஸ்டன் பக்கத்து பேட் தேய்ந்து இரும்புத் தகட்டைத் தொடப் போகிறது. மறுபக்கத்து பேடில் தேய்மானம் காட்டும் நடுக்கோடு இன்னும் ஆழமாகவே இருக்கிறது. கேலிப்பர் வழுக்கி நகர்வதற்கான கம்பியான ஸ்லைடர் பின்னின் ரப்பர் உறை (பூட்) கிழிந்து, பின்னைச் சுற்றிப் பழுப்பு வளையமாகத் துரு. உள்ளே இருந்த கிரீஸ் கறுத்துக் களியாகிவிட்டது. பின்னைப் பிடித்துத் திருகித்தான் வெளியே எடுக்க முடிந்தது.

என் வண்டியில் இருப்பது ஃப்ளோட்டிங் கேலிப்பர். பிஸ்டன்கள் ஒரு பக்கம் மட்டும்தான். அவை ஒரு பேடை டிஸ்க்கில் அழுத்த, அந்த எதிர்விசையில் கேலிப்பர் உடம்பே பின்னில் வழுக்கி நகர்ந்து மறுபக்கத்து பேடையும் இழுத்து அழுத்தும். ஸ்லைடர் பின் இறுகிப்போனால் உடம்பு நகராது. நம் விரல் தரும் விசையில் ஒரு பங்கு பின்னோடு மல்லுக்கட்டுவதிலேயே போய்விடும், ஒரு பேட் மட்டும் மாடாய் உழைக்கும். பிரேக்கை விட்ட பிறகும் பேட் சரியாக விலகாமல் உரசிக்கொண்டே இருக்கும். பின்னைத் தொடாமல் பேட் மட்டும் மாற்றினால் எப்படிச் சரியாகும்?

பிஸ்டன் எண்ணிக்கைக்கு வருகிறேன். நெருக்கும் விசை என்பது பிரேக் ஆயிலின் அழுத்தம் பெருக்கல் பிஸ்டனின் பரப்பு. 27 மி.மீ. பிஸ்டன் இரண்டின் பரப்பும் 38 மி.மீ. பிஸ்டன் ஒன்றின் பரப்பும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இன்னொன்று, இருபுறமும் பிஸ்டன் உள்ள, நகராத ஃபிக்ஸட் கேலிப்பரில் ஒரு பக்கத்தை மட்டும்தான் கணக்கில் எடுக்க வேண்டும்; ஃப்ளோட்டிங்கில் எதிர்விசை செய்யும் வேலையைத்தான் இதில் மறுபக்கத்து பிஸ்டன் செய்கிறது. லீவரை அழுத்தும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஒன்றேயானால், 27 மி.மீ. நாலு பிஸ்டன் ஃபிக்ஸட் தருகிற நெருக்கமும், 27 மி.மீ. இரண்டு பிஸ்டன் ஃப்ளோட்டிங் தருகிற நெருக்கமும் சமம். ரேடியல் என்பது கேலிப்பரை ஃபோர்க்கில் பொருத்தும் ஒரு முறை; அது தருவதும் கூடுதல் விசை இல்லை. கடுமையாகப் பிடிக்கும்போது கேலிப்பர் முறுக்கிக்கொள்வது குறையும், லீவரில் உணர்வு தெளிவாகும். எப்படியும் 150 சிசி வண்டியின் முன் டயரை வழுக்கவைக்கும் அளவு விசை நல்ல நிலையில் உள்ள சாதாரண கேலிப்பரிலேயே உண்டு. கடைசி வார்த்தை டயருடையது.

மெக்கானிக் துருவைத் தேய்த்தெடுத்து, புது பூட் போட்டு, சிலிக்கான் கிரீஸ் தடவினார். சாதாரண கிரீஸ் போட்டால் ரப்பர் உப்பிவிடும் என்று கடையில் கேட்டு வாங்கிவரச் சொன்னார். பிரேக் ஆயிலையும் மாற்றச் சொன்னேன். டாட் 4 ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிவிட்டால் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும், மலையிறக்கத்தில் பிரேக் சூடாகி ஆயில் கொதித்தால் பிடிப்பு போய்விடும், அது ஆபத்து. இப்போது வண்டி பழையபடி இரண்டு விரலில் நிற்கிறது. அதே கேலிப்பர், அதே டிஸ்க்.

கணக்குப்படி பார்த்தால் நண்பன் அந்தக் கூடுதல் காசைக் கொடுக்கத் தேவையில்லை. ஃபிக்ஸடிலும் பிஸ்டனும் சீலும் அழுக்கேறும், அதுவும் இரண்டு பக்கம். எல்லாம் சரி. ஆனால் எனக்கு இந்த ஸ்லைடர் பின் மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. என் அடுத்த வண்டி ஃபிக்ஸட் கேலிப்பர்தான், அவனையும் அதையே வாங்கச் சொல்லிவிட்டேன். எதை வாங்கினாலும், பேட் மாற்றும்போது பழைய பேட் இரண்டையும் கேட்டு வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் தேய்ந்திருந்தால், கேலிப்பரைப் பிரித்துக் காட்டாமல் லேபர் சார்ஜ் கொடுக்காதீர்கள்.