ஒரே லென்ஸோடு மூன்று தைப்பூசம்

2020-ல் கொரோனாவுக்காக மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது கேமராவைத் துணி அலமாரிக்குள் வைத்தேன். பல மாதம் கழித்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், லென்ஸின் உள்கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. பினாங்கு ஈரக்காற்றில் இது நடக்கும் என்று தெரிந்தும் செய்த வேலை, யாரைக் குறை சொல்ல? சுத்தம் செய்யக் கேட்ட கூலிக்குப் பழைய லென்ஸ் ஒன்றே வாங்கிவிடலாம்.

மறு ஆண்டு லென்ஸ் தேடியபோது மனசு போனது டாம்ரான் 17-70 மி.மீ. ஜூம் மேல்தான். ஜூம் முழுக்க எஃப் 2.8 (இந்த எண் சிறிதாக இருந்தால் வெளிச்சம் அதிகம் வரும்). ஆனால் எடை 525 கிராம். சோனி 18-135 வெறும் 325 கிராம், எட்டும் தூரமும் அதிகம். சிறிய சென்சார் உள்ள என் ஏபிஎஸ்-சி கேமராவில் அது, ஃபுல் ஃபிரேம் என்கிற பெரிய சென்சார் கணக்குக்கு 27 முதல் 202 மி.மீ. வரை வரும். அதையே வாங்கினேன்.

அது கைகொடுத்த இடம் தைப்பூசம். முருகனின் வெள்ளி ரதம் செட்டியார்களின் கோவில் வீட்டிலிருந்து கிளம்பித் தண்ணீர்மலைக் கோவில் பக்கம் போகும் நாளில், வழியெங்கும் தேங்காய் மலைபோலக் குவிந்திருக்கும். தமிழரும் சீனரும் மாறி மாறி அடிக்க, சில்லு நாலாபக்கமும் பறக்கும். முதல் வருடம் கிட்டே போய் நின்றேன். "தம்பி, தள்ளி நில்லு, கண்ணுல பட்டுடும்" என்று ஒரு பெரியவர் தோளைப் பிடித்து இழுத்தார். சாலைக்கு இந்தப் பக்கம் வந்து 135-ல் எடுத்தேன். உடைந்த ஓட்டிலிருந்து தெறிக்கும் தண்ணீர்கூடத் தெளிவாக விழுந்தது. ரதம் நெருங்கினால் அப்படியே அகலமான 18-க்குத் திருப்பினால் போதும். கை முழுக்கப் பிசுபிசு தேங்காய்த் தண்ணீர், காற்றில் திருநீறு. அங்கே நின்று லென்ஸ் மாற்ற நினைப்பவரைக் கும்பிடத்தான் வேண்டும்.

இருட்டிய பிறகு கதை வேறு. முழு ஜூமில் எஃப் 5.6தான், எஃப் 2.8-ல் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 1600 போதும் என்கிற இடத்தில் இதில் 6400 வைக்க வேண்டும். உள்ளே இருக்கும் நிலைப்படுத்தி என் கை நடுக்கத்தைச் சமாளிக்கும், காவடி எடுப்பவரின் ஆட்டத்தை நிறுத்தாது. முதல் வருட இரவுப் படங்களில் பாதி முகங்கள் கலங்கல்.

குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோவில் கோபுரத்துக்கு 18 பற்றவில்லை. எதிர்க்கடைச் சுவரில் முதுகை ஒட்டி நின்றாலும் ஓரம் வெட்டுப்படும். சாப்பாட்டுக்கும் சரிப்படாது. 45 செ.மீ. தள்ளியிருந்தால்தான் குவியும், நாசி கண்டார் (சோறும் குழம்பும்) தட்டைப் படம் எடுக்க நாற்காலியைப் பின்னால் தள்ளி, அடுத்த மேசைக்காரரிடம் முறைப்பு வாங்கியிருக்கிறேன்.

மற்றபடி பினாங்குக் கொடிமலைக்கும் சுங்கைப் பட்டாணிக் கல்யாணத்துக்கும் இது ஒன்றே போதுமாக இருந்தது. ஏர்கான் காரிலிருந்து இறங்கினால் கண்ணாடியில் பனி படரும். எந்த லென்ஸும் இங்கே அப்படித்தான். கேமராவைப் பிளாஸ்டிக் பைக்குள் கட்டிவைத்து, ஒரு தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) குடித்து முடித்துத்தான் திறப்பேன்.

இரண்டாம் வருடம் 35 மி.மீ. எஃப் 1.8 ஒன்றும் வாங்கினேன், 154 கிராம்தான். இருட்டியதும் ஏதாவது தண்ணீர்ப் பந்தலுக்குப் பின்னால் ஒதுங்கி, கையைத் துடைத்துக்கொண்டு மாற்றிவிடுவேன். வீட்டுக்கு வந்ததும் இரண்டும் ஈரம் அண்டாத டிரை பாக்ஸுக்குள், ஈரப்பதம் 45 சதவீதத்தில். துணி அலமாரியில் இப்போது துணி மட்டும்தான்.