விழுகிற பல்லுக்கா வந்தீங்க?

ஊரிலிருந்து திரும்பிப் பத்து நாள் ஆகிறது. கல்யாணம் நல்லபடியாக நடந்தது, பெங்களூரிலிருந்து தர்மபுரிக்கு கார் சொன்ன நேரத்துக்கு வந்தது, அதெல்லாம் சரி. ஒரு பல் டாக்டர் சொன்னதுதான் இன்னும் மனதில் உறுத்துகிறது.

மகளுக்கு இரண்டு வயது எட்டு மாதம். குச்சி ஐஸைக் கடித்தவள் வாயைப் பொத்திக்கொண்டு அலறினாள். உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். மேல் முன்பற்களில் ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு தீற்றியதுபோல வெள்ளைக் கோடு. ஒரு பல்லில் மட்டும் பழுப்பாகச் சின்னக் குழி. "பூச்சிப் பல்லுடி, கிராம்பு வை" என்றார் அம்மா.

நாங்கள் இருப்பது லெஸ்டரில். இங்கிலாந்தில் 18 வயது வரை பல் வைத்தியம் இலவசம்தான், ஆனால் உள்ளே விட்டால்தானே! அரசு கணக்கில் புது ஆள் சேர்ப்பதில்லை என்று நான்கு இடத்தில் கைவிரித்துவிட்டார்கள். தர்மபுரியில் போன் போட்ட அன்றைக்கே சாயங்காலம் ஆறு மணிக்கு வரச் சொன்னார்கள். பெருமை தாங்காமல் லெஸ்டர் தோழிகளின் வாட்ஸாப் குழுவில் பீற்றிக்கொண்டேன்.

ஆறு மணி என்றால் ஆறு மணி என்று நம்பியது என் தப்பு. வாசலில் கிடந்த பதினோரு ஜோடி செருப்பைப் பார்த்தே கணக்குப் போட்டிருக்க வேண்டும். டாக்டர் "வந்துட்டே இருக்காரு" என்றார் டோக்கன் கொடுத்த பெண். ஏழே காலுக்குத்தான் வந்தார். உள்ளே டிரில் சத்தம் எழும்போதெல்லாம் மகள் என் கழுத்தை இறுக்கினாள். நமக்குப் பின்னால் வந்த ஒரு பெரியவர், தெரிந்தவராம், நேராக உள்ளே போனார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும்தான். லெஸ்டரில் பஸ் வரிசையில் யாராவது முந்தினாலே முறைக்கிறவள் நான்.

எட்டு மணிக்கு எங்கள் முறை. நாற்காலியில்கூட உட்காரச் சொல்லவில்லை. டார்ச்சை ஒரு தடவை அடித்தார். "விழுகிற பல்லுக்கா வந்தீங்க? பால் பல்லுதானேம்மா. ஆறு வயசுக்கு மேல கூட்டிட்டு வாங்க." 300 ரூபாய்.

நாமும் அப்படித்தான் வளர்ந்தோம். விழுந்த பல்லைச் சாணியில் உருட்டி ஓட்டு மேல் எறிந்தால் வேலை முடிந்தது. ஆனால் இவளுக்கு முன்பல் விழவே இன்னும் மூன்று, நான்கு வருஷம் ஆகும். அதுவரை ஐஸும் வேண்டாம், ஆப்பிளும் வேண்டாம் என்று உட்கார முடியுமா? வழி நெடுகப் புலம்பினேன்.

அப்புறம் சித்தி மகள் சொல்லி, சேலத்தில் குழந்தைகளுக்கென்றே தனியாகப் படித்த ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். முழங்காலோடு முழங்கால் முட்ட எதிரெதிரே உட்கார்ந்தோம். மகள் என் மடியில், தலை மட்டும் அவர் மடியில். அழுதாள். "அழட்டும், வாய் நல்லாத் திறக்குது" என்று சொல்லிக்கொண்டே எண்ணினார். பதினெட்டுப் பல் வந்திருந்தது.

நிமிர்ந்து என் வாயைப் பார்த்தார். "நீங்க தர்மபுரிப் பக்கமா?"

எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்கத் தேவையில்லை. ஒகேனக்கல் குடிநீர் 2013இல் வருவதற்கு முன் போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்தவள் நான். அந்தத் தண்ணீரில் அதிகமாக இருந்த ஃபுளோரைடு உப்பு பழுப்பாகக் கறை போட்ட பற்கள். போட்டோவில் உதட்டை மூடித்தான் சிரிப்பேன். அந்தப் பயத்தில்தான் மகளுக்கு ஃபுளோரைடு இல்லாத பேஸ்டாகத் தேடித் தேடி வாங்கினேன், விலையும் அதிகம். கூடவே ராத்திரி பனங்கற்கண்டு போட்ட பால் புட்டி. அதைச் சப்பிக்கொண்டேதான் தூங்குவாள்.

"உங்க கறை, பல்லு ஈறுக்குள்ள உருவாகிட்டு இருந்தப்ப வருஷக்கணக்கா குடிச்ச தண்ணியால வந்தது. இவளுக்கு ஒரு அரிசி அளவு ஃபுளோரைடு பேஸ்ட் போதும், சொத்தையைத் தடுக்கிறதே அதுதான். கறைக்குப் பயந்து பல்லையே கோட்டை விட்டுட்டீங்க" என்றார். முதல் பல் முளைத்து ஆறு மாதத்துக்குள், தள்ளிப்போனாலும் ஒரு வயதுக்குள் வந்திருக்க வேண்டுமாம். அந்த வயதில் பல்லில் செய்ய வேலை அதிகம் இருக்காது. புட்டி, பேஸ்ட், துலக்குகிற விதம் என்று பேசி அனுப்பிவிடுவார்களாம். கடைவாய்ப் பால் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்கும், சொத்தை வேர் வரை போனால் கீழே உருவாகிற பல்லையும் கெடுக்கும் என்றும் சொன்னார். வெள்ளைக் கோடுகள் மேல் மஞ்சளாகப் பிசுபிசுவென்று ஃபுளோரைடு வார்னிஷ் தடவினார், குழியை அடைத்தார். மூன்று மாதத்தில் மறுபடி தடவ வேண்டும்.

லெஸ்டர் வந்ததும் மறுபடி போன் போட்டேன். ஐந்தாவது இடத்தில் காத்திருப்போர் பட்டியலில் பெயர் எழுதிக்கொண்டார்கள். ஆறு மாதம் ஆகலாமாம். "தர்மபுரியில ரெண்டு மணி நேரத்துக்கா அந்தக் கத்து கத்தின?" என்கிறார் கணவர்.