பி550, பி760, பி650: காசிமேட்டு வீட்டுக்கு எந்த மதர்போர்டு?

அக்கா மகன் இந்த வருடம் இன்ஜினியரிங் சேர்ந்திருக்கிறான். "லேப்டாப் வேணாம் மாமா, நாமே ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணலாம்" என்று ஒரு தாளோடு வந்தான். தாளில் மூன்றே வரி: பி550, பி760, பி650. மூன்றும் மதர்போர்டு வகைகள், அதாவது ப்ராசஸர், ராம் எல்லாவற்றையும் மாட்டும் பலகை. எதை வாங்கலாம் என்று கேட்டான். "வீட்டுல எந்த இடத்துல வைக்கப் போறே?" என்று நான் திருப்பிக் கேட்டேன்.

அக்கா வீடு காசிமேட்டில், கடலில் இருந்து மூன்றாவது தெரு. ஜன்னல் கம்பிக்கு எத்தனை தடவை பெயின்ட் அடித்தாலும் துரு மேலே வந்துவிடும். ஏசி கிடையாது. என் வீடு தண்டையார்பேட்டையில் இன்னும் உள்ளே தள்ளி இருக்கிறது. அங்கேயே என் பழைய போர்டு இரண்டரை வருடத்தில் செத்துப்போனது. பின்பக்க யூஎஸ்பி, லேன் துளைகளில் பச்சை பூத்திருந்தது. 3 வருட வாரண்டி முடிய ஆறு மாதம் பாக்கி இருந்தும், உப்பு அரித்த போர்டை எடுத்துக்கொள்ள முடியாது என்று சர்வீஸ் சென்டரில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. அதிலிருந்து உயிரோடு மிஞ்சியது இரண்டு 8 ஜிபி டிடிஆர்4 ராம் ஸ்டிக்குகள்தான். டிடிஆர்4 என்பது ராமின் முந்தைய தலைமுறை, டிடிஆர்5 அதற்கு அடுத்தது. போர்டைத் தீர்மானிப்பதில் அந்த ஸ்டிக்குகளுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

அவன் தேவை இதுதான்: முதல் வருடம் கிராபிக்ஸ் கார்டு கிடையாது. கோடிங், கொஞ்சம் கேட் (CAD, கம்ப்யூட்டரில் வரையும் இன்ஜினியரிங்) வரைபடம், அவ்வப்போது கேம். அடுத்த வருடம் காசு சேர்ந்ததும் ஒரு கார்டு போட வேண்டும்.

பி550 வந்தது 2020இல். ஏஎம்டி கம்பெனி ப்ராசஸருக்கான ஏஎம்4 சாக்கெட் (ப்ராசஸர் உட்காரும் இடம்), டிடிஆர்4 ராம். இதில் ரைசன் 5 5600ஜி ப்ராசஸர் போட்டால், நான் சொல்லப்போகும் மூன்று சிப்பிலும் உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் இதற்குத்தான் பலமானது. கார்டு இல்லாத முதல் வருடம் நன்றாக ஓடும். ஆனால் இந்த சிப் பிசிஐஇ (கார்டும் ப்ராசஸரும் பேசிக்கொள்ளும் பாதை) 3.0 மட்டும்தான் பேசும். போர்டு பெட்டியில் 4.0 என்று போட்டிருந்தாலும் கார்டு 3.0 வேகத்தில்தான் இயங்கும். விலை குறைந்த கார்டுகள் பலவற்றில் அந்தப் பாதையில் 16க்குப் பதில் 8 லேன் (தடம்), சிலவற்றில் 4 லேன்தான் இருக்கும். 4 லேன் கார்டை இதில் மாட்டினால் வேகம் நன்றாகவே அடிபடும். முதல் வருடம் சுகம், இரண்டாம் வருடம் சங்கடம்.

பி650 வந்தது 2022இல். ஏஎம்5 சாக்கெட், டிடிஆர்5 மட்டும். குறைந்தது 2027 வரை இந்த சாக்கெட்டுக்கு ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. படிப்பு முடிகிற நேரத்தில் சிப்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மூன்றில் எதிர்காலம் உள்ள போர்டு இது ஒன்றுதான், மறுக்கவே மாட்டேன். ரைசன் 5 7600 போட்டால் திரையில் படம் வரும் அளவுக்கு உள்ளேயே கிராபிக்ஸ் உண்டு, கேமுக்குப் போதாது. சிக்கல் ராமில் இருக்கிறது. 2025 கடைசியில் ராம் விலை ஏற ஆரம்பித்த பிறகு, புதிதாக 16 ஜிபி டிடிஆர்5 வாங்குவது சின்னச் செலவில்லை. என்னிடம் இருக்கும் டிடிஆர்4 இதில் போகாது. நடுவில் இருக்கும் வெட்டே வேறு இடத்தில் இருக்கும், மாட்டவே முடியாது. இன்னொன்று: முதல் தடவை ஆன் செய்யும்போது ராமைப் பழக்கிக்கொள்ள இந்த போர்டுகள் பல நிமிடம் எடுத்துக்கொள்ளும், அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். போர்டு போய்விட்டது என்று பயந்து அணைக்கக் கூடாது.

பி760 வந்தது 2023இல். இன்டெல்லின் 12, 13, 14ஆம் தலைமுறை சிப்புகளுக்கானது. இதில் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. பெயர் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், கடைசியில் டி4 அல்லது டிடிஆர்4 என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். இதோடு 12ஆம் தலைமுறை ஐ5 12400 ப்ராசஸர். உள்ளே உள்ள கிராபிக்ஸ் 5600ஜி அளவுக்கு வராது, ஆனால் கோடிங்குக்கும் சாதாரண கேட் வேலைக்கும் போதும். அடுத்த வருடம் கார்டு வந்தால் 4.0 முழு வேகம் கிடைக்கும். இந்த சாக்கெட் 14ஆம் தலைமுறையோடு முடிந்தது. 2024 அக்டோபரில் இன்டெல் அடுத்த சாக்கெட்டுக்குப் போய்விட்டது. பிறகு எப்போதாவது 13, 14இல் பெரிய சிப் வாங்கிப் போடுவதாக இருந்தால் முதலில் பயாஸை (போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருளை) அப்டேட் செய்ய வேண்டும். அந்தச் சிப்புகள் நிலையில்லாமல் கெட்டுப்போன பிரச்சினைக்கு 2024 ஆகஸ்டில்தான் இன்டெல் திருத்தம் கொடுத்தது. 12400க்கு அந்தத் தொல்லை இல்லை.

கடையில் எச்610 என்ற இன்னொரு இன்டெல் போர்டைக் காட்டி, "இதே சிப்பு இதுலயும் ஓடும், விலை கம்மி" என்பார்கள். ஓடும், உண்மைதான். ஆனால் ராமுக்கு இரண்டே இடம். என் இரண்டு ஸ்டிக்கைப் போட்டால் அதோடு சரி, பின்னால் ஏற்ற முடியாது. எஸ்எஸ்டியும் பிசிஐஇ 3.0 வேகத்தோடு நின்றுவிடும்.

எச்610ஐ நான் வேண்டாம் என்பதற்கு அதைவிடப் பெரிய காரணம் வெயில். எஸ்எம்பிஎஸ்ஸில் (பவர் சப்ளை பெட்டியில்) இருந்து வரும் 12 வோல்ட்டை ஒரு வோல்ட் சுற்றளவுக்கு இறக்கி ப்ராசஸருக்குக் கொடுக்கும் பகுதியை விஆர்எம் என்பார்கள். சாக்கெட்டின் இடப்பக்கம் சின்னச் சின்னக் கட்டைகளாக வரிசையாக இருக்கும். சூடாவது அதுதான். விலை குறைந்த எச்610 போர்டுகள் பலவற்றில் அதன் மேல் ஹீட்சிங்க்கே (சூட்டை இழுக்கும் உலோகக் கட்டி) இருக்காது. 12400 சாதாரணமாக 65 வாட் சிப், முழு வேகத்தில் 117 வாட் வரை இழுக்கும். ஏசி போட்ட அறையில் இது பெரிய விஷயம் இல்லை. கத்திரி வெயிலில், மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில், மதியம் மூன்று மணிக்கு அதன் நிலைமை வேறு. அதனால் எந்த கம்பெனி என்று பார்ப்பதற்கு முன்னால் விஆர்எம் மேல் அலுமினியக் கட்டி இருக்கிறதா என்று பாருங்கள். வண்ண விளக்குக்குக் கொடுக்கும் காசை அதற்குக் கொடுக்கலாம்.

உப்புக்காற்றை எந்த போர்டாலும் முழுசாகத் தடுக்க முடியாது. நாம் செய்யக்கூடியது, ஜன்னலுக்குத் தள்ளி வைப்பது, தரையில் வைக்காமல் இருப்பது (2023 டிசம்பர் மிக்ஜாம் மழைத் தண்ணீரை மறக்க முடியுமா), பயன்படுத்தாத துளைகளுக்கு ரப்பர் மூடி போடுவது. தினமும் கொஞ்ச நேரமாவது ஓட்டினால் அந்தச் சூட்டில் ஈரம் தங்காது. நான் மாதக்கணக்கில் ஓட்டாமல் மூடி வைத்ததுதான் என் போர்டுக்கு எமனானது என்று நினைக்கிறேன்.

என் தீர்ப்பு: இந்த வீட்டுக்கு பி760 டிடிஆர்4, ஐ5 12400. இருக்கும் ராமை வெள்ளை ரப்பரால் தேய்த்து, ஒரு ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் என்ற ராம் சோதனை மென்பொருளை ஓட்டிப் பார்த்துவிட்டேன், பிழை ஒன்றும் இல்லை. மிச்சமாகும் காசு அடுத்த வருடக் கார்டுக்கு. கையில் ராம் இல்லாமல் எல்லாமே புதிதாக வாங்குபவராக இருந்தால் என் பதில் பி650தான். ராமுக்கு எப்படியும் காசு கொடுக்கப் போகிறீர்கள், அதை நாளைக்கும் உதவும் டிடிஆர்5இல் போடுங்கள். கார்டே வாங்கப் போவதில்லை என்பவருக்கு மட்டும் பி550.

தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட் நடக்கிற தூரம். காசு கொடுப்பதற்கு முன்னால் கடை மேசையிலேயே பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். பி760, பி650 இரண்டிலும் பின்கள் போர்டின் சாக்கெட்டுக்குள் இருக்கும். பிளாஸ்டிக் மூடியை எடுக்கச் சொல்லி, போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். ஒரு பின் வளைந்திருந்தாலும் அந்த இடத்தில் மட்டும் வெளிச்சம் வேறு மாதிரி விழும். வீட்டுக்கு வந்து பார்த்தால் அதை யார் வளைத்தது என்று நிரூபிக்க வழியே இல்லை.