பிளெண்டர்ல மேட்கேப், பிரஷ் கலர்: நிலைக்கதவு வேலைக்கு எனக்கு செட் ஆனது

காரைக்குடி பக்கம் பழைய நிலைக்கதவு டிசைனப் பாத்து சிஎன்சி மெஷினுக்கு (கம்ப்யூட்டர் சொல்றபடி மரத்த வெட்டுறது) ரிலீஃப் மாடல், அதாவது பலகை மேல புடைச்சு நிக்கிற செதுக்கல் டிசைன், பண்ணிக் குடுக்குறதுதான் பொழப்பு. பிளெண்டர்ங்கிற 3டி சாஃப்ட்வேரோட 2.8 வெர்ஷன் வந்ததுலேருந்து அதுதான், அதுக்கு முன்னாடி கொஞ்ச நாள் இசட்பிரஷ்ங்கிற இன்னொரு செதுக்குற சாஃப்ட்வேர். மாடலோட வலைய புதுசா பின்னுற ரீமெஷ், செதுக்குற பிரஷ் பத்தியெல்லாம் எல்லாரும் பேசியாச்சு, ஆனா ஸ்கிரீன்ல மாடல் என்ன கலர்ல தெரியுது, மவுஸோட நகர்ற பிரஷ் வட்டம் என்ன கலர்ங்கிறத யாரும் கண்டுக்கிறதில்ல, நாள் பூரா கண்ணு அதத்தான பாக்குது.

மொதல்ல மேட்கேப். லைட் போட்ட ஒரு உருண்டையோட படம்தான் அது, மாடல்ல எந்த இடம் எந்தப் பக்கம் பாத்துக்கிட்டிருக்கோ அதுக்கு ஏத்த கலர அந்தப் படத்துலேருந்து எடுத்துப் போடும், அவ்வளவுதான். நிஜ லைட் கணக்கு இல்லாததால சுமாரான லேப்டாப்புலயும் பறக்கும். பொம்மை, முகம், யாளி மாதிரி முழு உருவத்துக்கு அருமை. ரிலீஃப்க்குதான் பிரச்சனை. சரிவு மட்டும்தான் அதுக்குத் தெரியும், ஆழம் தெரியாது, அதனால 3 மில்லி ஆழத்துல இருக்கற தரையும் 12 மில்லில இருக்கற தரையும் ஒரே கலர்ல நிக்கும்.

கஜலட்சுமி போட்ட ஒரு உத்தரப் பலகைய இப்படித்தான் ஸ்கிரீன்ல காட்டிக்கிட்டிருந்தேன், பட்டறை ஆசாரி அண்ணே குனிஞ்சு பாத்துட்டு "தம்பி, இந்த தாமர இதழு மேல எந்திரிச்சிருக்கா, உள்ள போயிருக்கா?"ன்னாரு. நியாயமான கேள்விதான். வெளிச்சம் மேலேருந்துதான் வரும்னு நம்ம கண்ணு தானா நெனச்சுக்கும், கீழேருந்து வர்ற மாதிரி இருக்கற மேட்கேப் போட்டா மேடு பள்ளமாத் தெரியும். நம்மூரு வீட்டுல வளவுலேருந்து (நடு முத்தம்) எறங்குற வெயில்ல அந்த நிலைகள பாத்துப் பழகுன ஆளுக்கு அது உடனே உறுத்திருச்சு.

இப்ப ரிலீஃப்க்கு ஸ்டுடியோ லைட்தான், அதுல வேர்ல்ட் ஸ்பேஸ் பட்டன ஆன் பண்ணிருவேன், நாம பாக்குற பக்கம் மாறினாலும் லைட் ஒரே திசைலேருந்து வரும். மெஷினுக்குன்னு மாடல் எப்படியும் படுக்கத்தான் கெடக்கும், மேலேருந்து பாத்துக்கிட்டே ரொட்டேஷன திருப்புனா லைட் பலகையச் சுத்தி வரும், இதழோட ஓரத்துல எங்கயாச்சும் அலை விழுந்திருந்தா அப்ப பளிச்சுன்னு காட்டிக்குடுத்துரும். கூடவே மேட்டு ஓரத்த வெளுப்பாவும் பள்ளத்த கருப்பாவும் எடுத்துக் காட்டுற கேவிட்டி. ஸ்கிரீன் மோடு போதும், வேர்ல்ட் போட்டா இன்னும் நல்லாத் தெரியும் ஆனா என் லேப்டாப் இழுக்கும். பள்ளத்த கருப்பாக்குற வேலி (Valley) ஸ்லைடர ரொம்ப ஏத்தாதீங்க, சும்மா கீறல் கூட ஆழமா வெட்டுன மாதிரி தெரியும், மரத்துல வெட்டி வந்ததும் சப்புன்னு இருக்கும்.

செவப்பு மெழுகு மாதிரி மேட்கேப் இசட்பிரஷ்ல பழகுன எல்லாருக்கும் பிடிக்கும், எனக்கும்தான். ஆனா பிளெண்டர்ல பிரஷ் வட்டம் இயல்பாவே ஒரு வெளிர் செவப்பு, கொறைக்கிறதுக்கு கன்ட்ரோல் கீய அமுக்குனா நீலம். செவப்பு மேல செவப்பு வட்டம் எங்க தெரியப் போகுது? பிரஷ் படாம மூடி வெக்கிற மாஸ்க் வேற கருப்பா விழுறதால அடர் கலர் மேட்கேப்புல அதுவும் காணாமப் போயிரும். சாம்பல் கலர், பளபளப்பு இல்லாதது, அதுல ஒக்காந்தா சாயங்காலம் வரைக்கும் கண்ணு எரியாது. வட்டத்தோட கலர பிரஷ் செட்டிங்ஸ்ல கர்சர்ங்கிற இடத்துல மாத்தலாம், சேக்குறதுக்கு பச்ச, கொறைக்கிறதுக்கு ஆரஞ்சு வெச்சிருக்கேன். ஒவ்வொரு பிரஷ்ஷுக்கும் தனித்தனியா மாத்தணும்ங்கிறதுதான் கடுப்பு, அதுலயும் 4.3 வெர்ஷன்லேருந்து பிரஷ்ஷெல்லாம் அசெட், அதாவது லைப்ரரில இருக்கற தனி ஐட்டம் ஆயிருச்சு, கூடவே வர்ற பிரஷ்ஷ மாத்துனா நிக்காது, நம்ம பேருல புதுசா சேவ் பண்ணிக்கணும். நான் கிளே ஸ்ட்ரிப்ஸ், கிரீஸ் (Crease), ஸ்மூத்ங்கிற மூணு பிரஷ்ஷுக்கு மட்டும் பண்ணிட்டு விட்டுட்டேன்.

தேக்கு கலர்லயும் ஒரு மேட்கேப் சொந்தமா ரெடி பண்ணி வெச்சிருக்கேன், உருண்டைய ரெண்டர் எடுத்து பிரிஃபரன்சஸ்ல லைட்ஸ் பகுதில இன்ஸ்டால் பண்ணா வந்துரும். பர்மா தேக்கு மாதிரியே இருக்குன்னு கஸ்டமர் மயங்கிருவாங்க. காட்டுறதுக்கு மட்டும்தான் அது, அதுல ஒக்காந்து வேலை பாத்தா சுமாரான செதுக்கலும் அழகாத்தான் தெரியும்.

இந்த லைட், மேட்கேப், கேவிட்டி செட்டிங் எல்லாம் மாடலக் காட்டுற வியூபோர்ட்டோட போறது, அதனால ஒரு தடவ, பிளெண்டர் திறந்ததும் வர்ற ஸ்டார்ட்டப் ஃபைலா சேவ் பண்ணிருங்க. அடுத்தவங்க ஃபைல திறக்குறப்ப லோட் யூஐ (Load UI) டிக்க எடுத்துட்டுத் திறங்க, இல்லன்னா அவங்க வெச்ச கலர்தான் வந்து நிக்கும்.