நாலு வருஷமா கோட்லின்: அந்த ஆச்சரியக்குறிய மட்டும் என்னால மன்னிக்க முடியல

போன ஞாயித்துக்கிழமை பழைய ஆபீஸ் தம்பி ஒருத்தன் போன் பண்ணான். அவன் கம்பெனில இருக்கற ஜாவா ப்ராஜெக்ட்ட கொஞ்சம் கொஞ்சமா கோட்லினுக்கு (ஜாவாவோட சேர்ந்தே ஓடற இன்னொரு ப்ரோகிராமிங் மொழி) மாத்தப்போறாங்களாம். "அண்ணே நீங்க நாலு வருஷமா எழுதறீங்களே, ஜாவா தெரிஞ்சவனுக்கு ரெண்டு வாரம் போதும்ங்கறாங்க, நிஜமா?"னு கேட்டான். அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி தான் ராத்திரி பதினொன்றரை வரைக்கும் உக்காந்து ஒரு பிரச்சினைய சரி பண்ணிட்டு எந்திரிச்சேன், அந்தக் கோவம் அடங்காம "வேணாம்டா, ஜாவாவுலயே இரு"னு சொல்லி வெச்சுட்டேன். அப்புறம் படுத்து யோசிச்சா அது நியாயமா படல, ஒரு ராத்திரி கோவத்துல நாலு வருஷத்த தள்ளிட்ட மாதிரி இருந்துச்சு. அதான் முழுசா எழுதிடலாம்னு உக்காந்தேன்.

ரெண்டு வாரக் கணக்கு நிஜம் தான். நான் 13 வருஷம் ஜாவா எழுதிட்டு வந்தவன், பத்தாவது நாள் என் கோட்லின் கோடு ப்ரொடக்‌ஷன்ல ஓடுச்சு. அதே ஜேவிஎம் (ஜாவா ப்ரோகிராம ஓட வெக்கற எஞ்சின்), அதே ஸ்பிரிங் (ஜாவா ஃப்ரேம்வொர்க்), அதே லைப்ரரிங்க, ஜாவா கோட காப்பி பண்ணி கோட்லின் ஃபைல்ல ஒட்டினா ஐடிஇயே (கோடு எழுதற எடிட்டர்) மாத்திக் குடுத்துரும். என்னைக் கெடுத்ததும் அது தான். அப்படி மாத்திக் குடுத்த கோடுல அங்கங்க ரெண்டு ஆச்சரியக்குறி சேர்ந்து நிக்கும் (!!), இங்க நல் (null, மதிப்பே இல்லாத வெறுமை) வராது நான் பொறுப்புனு கம்பைலருக்கு (கோட சரிபார்த்து மொழிமாத்தற ப்ரோகிராம்) நாம சத்தியம் பண்ணிக் குடுக்கற குறி அது. முதல் மாசத்து ஃபைல் ஒண்ண சமீபத்துல தொறந்து பார்த்தேன், ஒரே ஃபைல்ல 60க்கு மேல சத்தியம். அதுல பாதி எனக்கே நிச்சயமா தெரியாத விஷயம். அதெல்லாம் ஜாவா தான், எழுத்து மட்டும் தான் கோட்லின். கையில ஊறிப்போன ஜாவா போறதுக்கு எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு.

நல்லத முதல்ல சொல்லிடறேன், ஏன்னா அது எனக்கு நெஜமாவே பெரிய விஷயம்.

நாங்க பண்றது லாரி ட்ரான்ஸ்போர்ட் ஆபீஸுங்களுக்கு சாஃப்ட்வேர். புக்கிங், எல்ஆர் (லாரி ரசீது), ட்ரிப் ஷீட், பில்லு. ஜாவால புக்கிங்னு ஒரு கிளாஸ் வெச்சிருந்தோம், அதுல 30 சொச்சம் ஃபீல்டு, எதுல நல் வரலாம் எதுல வரக்கூடாதுனு யாருக்கும் தெரியாது, தெரிஞ்சவங்க வேலைய விட்டுப் போயிட்டாங்க. அத கோட்லின்ல எழுத உக்காந்தப்ப ஒவ்வொரு ஃபீல்டு பக்கத்துலயும் கேள்விக்குறி போடணுமா வேணாமானு முடிவு பண்ணியே ஆகணும், போட்டா நல் வரலாம், போடலைன்னா வரவே கூடாது. லாரி நம்பர்ங்கற ஃபீல்டுகிட்ட வந்து நின்னுட்டேன். 13 வருஷத்துல முதல் தடவையா ஒரு ஃபீல்டுக்காக நாமக்கல் புக்கிங் ஆபீஸுக்கு போன் போட்டு கேட்டேன், லாரி நம்பர் இல்லாம புக்கிங் இருக்குமானு. அங்க கவுண்டர்ல இருந்தவரு "சார், புக்கிங் போடறப்ப எந்த வண்டின்னே தெரியாது, லோடு ஏத்தறப்ப தான் நம்பரு"ன்னாரு. அப்படின்னா அது ஒரு கிளாஸே கிடையாது, ரெண்டு. புக் ஆன சரக்கு ஒண்ணு, வண்டில ஏறின சரக்கு இன்னொண்ணு. முதல்ல இருக்கறதுக்கு லாரி நம்பர்ங்கற ஃபீல்டே வேணாம், ரெண்டாவதுல கண்டிப்பா இருக்கணும். ரெண்டையும் ஒரு சீல்டு கிளாஸுக்கு (இதுக்கு கீழ இன்ன வகை மட்டும் தான்னு பூட்டி வெக்கறது) கீழ வெச்சு வென் (வகைக்கு ஒரு கிளையா பிரிக்கறது) போட்டா, பின்னாடி மூணாவதா "டெலிவரி ஆன சரக்கு"னு ஒண்ணு சேர்த்தப்ப எங்கெல்லாம் அத கண்டுக்காம விட்டிருக்கேனோ அங்கெல்லாம் கம்பைல் ஆகாம நின்னு காட்டிக் குடுத்துச்சு. ஆப்ஜெக்ட் ஓரியன்டட்னு காலேஜ்ல மார்க் வாங்கினேன், இத்தனை வருஷம் சம்பளம் வாங்கினேன், ஒரு கிளாஸ எங்க வெட்டணும்னு எனக்கு சொல்லிக் குடுத்தது அந்த ஒத்தக் கேள்விக்குறி தான். இத நான் எங்க வேணா சொல்வேன்.

மத்ததெல்லாம் சீக்கிரம் சொல்லிடலாம். விவரத்த வெச்சுக்க மட்டும் எழுதற டேட்டா கிளாஸ் அருமை (டேட்டாபேஸ் என்டிட்டிக்கு மட்டும் வெக்காதீங்க, ரெண்டு ஆப்ஜெக்ட் ஒண்ணானு பார்க்கற ஈக்குவல்ஸ் ஹேஷ்கோடு விவகாரத்துல மாட்டிக்குவீங்க). ரெண்டு ஸ்ட்ரிங்க சும்மா == போட்டு ஒப்பிடலாம்ங்கறது ஜாவாகாரனுக்கு எவ்ளோ நிம்மதினு சொல்லித் தெரிய வேண்டியதில்ல. கிளாஸ் எல்லாமே தானா ஃபைனல்ங்கறது (அதுலேருந்து வேற கிளாஸ் எடுக்க முடியாது) ஸ்பிரிங்கோட சேரும்போது முதல் வாரம் படுத்தும், அதுக்குன்னே ஒரு ப்ளக்இன் இருக்கு, ப்ராஜெக்ட் தொடங்கறப்பவே போட்டுட்டா மறந்துடலாம். லெட், ரன், அப்ளை, ஆல்ஸோ, வித்னு ஒரு ஆப்ஜெக்ட்ட புடிச்சு வேலை பண்ற ஃபங்ஷன் அஞ்சு இருக்கே, அதுல மூணு அடுக்குக்கு ஒண்ணுக்குள்ள ஒண்ணு எழுதி வெக்கறவங்க மேல எனக்கு கோவம் உண்டு, உள்ள இருக்கற "இட்" (அந்த ஆப்ஜெக்ட்டுக்கு தானா வர பேரு) எதோட இட்டுனு படிக்கறவன் தலைய பிச்சுக்கணும். கம்பைல் நேரம் முன்னாடி ரொம்ப இழுக்கும், 2024 மே மாசம் கோட்லின் 2.0 வந்து புது கம்பைலர் வந்ததுலேருந்து எங்களுக்கு பரவால்ல.

இப்ப அந்த ஆச்சரியக்குறி. இது மேல சொன்ன ரெட்டைக்குறி கிடையாது, ஒத்தக்குறி, நம்ம கையால எழுதவே முடியாது, ஐடிஇ காட்டறப்ப மட்டும் தெரியும். ஜாவா மெத்தட் ஒண்ணு ஸ்ட்ரிங் திருப்பித் தருது, அதுல நல் வருமா வராதானு எந்த அனோட்டேஷனும் (கோடுல ஒட்டற குறிப்பு) இல்லைன்னா கோட்லின் அத ஸ்ட்ரிங்னும் சொல்லாது, கேள்விக்குறி போட்ட ஸ்ட்ரிங்னும் சொல்லாது, பின்னாடி ஒரு ஆச்சரியக்குறி வெச்சு பிளாட்ஃபார்ம் டைப்புனு விட்டுரும். அதுக்கப்புறம் அத எப்படி வேணா எடுத்துக்கலாம், கம்பைலர் வாயே தொறக்காது. நாம டைப்ப தெளிவா ஸ்ட்ரிங்னு எழுதி வாங்கினா நல் வந்த அந்த வரிலயே வெடிக்கும், அது நல்லது, உடனே தெரிஞ்சுரும். டைப் எழுதாம அதுவே கண்டுபிடிச்சுக்கட்டும்னு விட்டா அந்த ஆச்சரியக்குறி அப்படியே ஒட்டிக்கிட்டு அடுத்த ஃபங்ஷனுக்கு, அதுக்கடுத்த ஃபங்ஷனுக்குனு போய்க்கிட்டே இருக்கும்.

எங்களுக்கு அது தான் நடந்துச்சு. பார்ட்டி விவரம் எடுக்கறதுக்கு வெளிய ஒருத்தர்கிட்ட வாங்கின ஜாவா ஜார் (கட்டி வெச்ச லைப்ரரி ஃபைல்) ஒண்ணு இருக்கு. ஜிஎஸ்டி ரெஜிஸ்டர் பண்ணாத பார்ட்டிக்கு நம்பர் இருக்காது, ஈ-வே பில்லுல அந்த எடத்துல யூஆர்பி (ரெஜிஸ்டர் பண்ணாதவர்)னு தான் போடுவோம். அந்த ஜார் இத்தனை நாளா அந்த மாதிரி பார்ட்டிக்கு காலி ஸ்ட்ரிங் குடுத்துச்சு, காலியா இருந்தா யூஆர்பினு அச்சடினு நாங்க எழுதியிருந்தோம். புது வெர்ஷன்ல நல் குடுக்க ஆரம்பிச்சுருச்சு, யாரும் சொல்லல. எங்க பக்கம் அத எடுத்துக் குடுக்கறது ஒத்த வரி ஃபங்ஷன், ரிட்டர்ன் டைப் எழுதல. காலியானு பார்க்கற எடத்துல நல்லுக்கும் சேர்த்து பார்க்காம வெத்து ஸ்ட்ரிங்கோட ஒப்பிட்டிருந்தோம், நல் அதுக்கு சமமில்ல, அப்படியே தாண்டிப் போய் எல்ஆர் டெம்ப்ளேட்ல ஒக்காந்துச்சு. எக்செப்ஷன் வரல, லாக்ல ஒரு வரி இல்ல. எல்ஆர்ல ஜிஎஸ்டி நம்பர் கட்டத்துல இங்கிலீஷ்ல நல்னு நாலு எழுத்து அச்சாகி மூணு லோடு கெளம்பிப் போயிருச்சு. ஒரு எடத்துல எறக்க மாட்டேன்னுட்டாங்க, "என்னய்யா பேப்பர் இது"னு. வண்டி வெளிய நிக்குது, டிரைவர் போன் பண்றாரு, புக்கிங் ஆபீஸ்காரர் என்னை கூப்பிடறாரு. ஜாவால எழுதியிருந்தா இது நடந்திருக்காதானு கேட்டா, அப்பவும் இதே தான் நடந்திருக்கும். ஆனா ஜாவால நான் சந்தேகத்தோட எழுதுவேன், நல் வரும்னு பயந்துகிட்டே எழுதுவேன். கோட்லின் எனக்கு அந்தப் பயம் வேணாம்னு நாலு வருஷமா பழக்கியிருந்துச்சு, பழக்கிட்டு இந்த எடத்துல மட்டும் கைய விட்டுருச்சு. இதைத் தான் என்னால மன்னிக்க முடியல.

கோட்லின் பண்ணவங்க பக்க நியாயமும் எனக்கு தெரியும். 2016 பிப்ரவரில கோட்லின் 1.0 வரதுக்கு முன்னாடி ஆரம்பத்துல ஜாவாலேருந்து வரது எல்லாத்தையும் நல் வரலாம்னே வெச்சுப் பார்த்தாங்க, தொட்டதுக்கெல்லாம் செக் போட வேண்டி வந்து மனுஷன் எழுத முடியாத மாதிரி ஆகிருச்சு, ஜெனரிக்ஸ்ல (லிஸ்ட் மாதிரி எந்த டைப்பையும் உள்ள வெச்சுக்கறது) இன்னும் மோசம், அதனால தான் இந்த நடுவழி. கம்ப்யூட்டர் விஞ்ஞானி டோனி ஹோர் 1965ல ஆல்கால் டபிள்யூ மொழிக்காக நல் ரெஃபரன்ஸ கொண்டுவந்தாரு, அது பில்லியன் டாலர் தப்புனு 2009ல அவரே மேடையில சொன்னாரு. அவ்ளோ வருஷமா எழுதிக் குவிச்ச கோட ஒரு புது மொழி வந்து ஒரே நாள்ல கழுவிட முடியாது. நல் வருமா வராதானு ஜாவா கோடுல குறிக்க ஜேஸ்பெசிஃபைனு பொதுவா ஒரு அனோட்டேஷன் தொகுப்பு 2024ல 1.0 ஆச்சு, கோட்லின் 2.1லேருந்து அத கண்டிப்பா மதிக்குது, ஸ்பிரிங் 7ம் அதுக்கு மாறிருச்சு. ஓட்டை சின்னதாகிட்டு தான் வருது. எங்க ஃபங்ஷனுக்கு ஐடிஇ மஞ்சக்கோடு போட்டு எச்சரிக்கை காட்டியிருக்கு, நாங்க யாரும் பார்க்கல, அதுவும் உண்மை.

ஆனா எனக்கு உறுத்தறது இது. டேட்டா கிளாஸ் மாதிரி ஜாவால ரெக்கார்டு வந்தாச்சு, சீல்டு கிளாஸ் ஜாவா 17ல வந்தாச்சு, வென் மாதிரி பேட்டர்ன் ஸ்விட்ச் 21ல வந்தாச்சு. அப்ப இன்னைக்கு ஒருத்தன் ஜாவாவ விட்டு கோட்லினுக்கு போறதுக்கு மிச்சம் இருக்கற பெரிய காரணம் நல் விஷயம் ஒண்ணு தான். பழைய ஜாவா பக்கத்துலயே ஓடிக்கிட்டு இருக்கற ப்ராஜெக்ட்ல ஓட்டை இருக்கறதும் சரியா அந்த எடத்துல தான், தம்பி கம்பெனில பண்ணப்போறதும் அப்படி ஒரு ப்ராஜெக்ட்.

நாங்க இப்ப வெளி ஜார் ஒவ்வொண்ணுக்கும் ஒரு மூடி கிளாஸ் எழுதிட்டோம். அதுக்குள்ள மட்டும் தான் ஜாவாவ கூப்பிடலாம், அதுலேருந்து வெளிய வர ஒவ்வொண்ணுக்கும் டைப் கையால எழுதணும், சந்தேகம் இருந்தா கேள்விக்குறி. நல் அனோட்டேஷன மீறினா கம்பைல் ஆகாம நிக்க எக்ஸ்ஜேஎஸ்ஆர்305ங்கற கம்பைலர் கொடிய ஸ்ட்ரிக்ட்ல வெச்சாச்சு. ரெட்டை ஆச்சரியக்குறி இருந்தா ரிவ்யூல பாஸ் கிடையாது. இதெல்லாம் முதல் வாரமே பண்ணியிருக்கணும், ரெண்டு வாரத்துல கத்துக்கலாம்னு சொன்ன யாரும் எனக்கு இத சொல்லல.

தம்பிக்கு மறுபடி போன் பண்ணேன். புக்கிங் மாட்யூல ஜாவாவுக்கு திருப்பலாம்னு யாராவது சொன்னா நான் சண்டை போடுவேன், அதையும் சொன்னேன். சொல்லிட்டு, திங்கக்கிழமை ஆபீஸ் போனதும் ஒரு வரி எழுதறதுக்கு முன்னாடி உங்க ப்ராஜெக்ட்ல அனோட்டேஷன் இல்லாத வெளி ஜார் எத்தனைனு எண்ணி அனுப்புன்னேன். நேத்து சாயங்காலம் அனுப்பினான், 23. வேணாம்டானு தான் திருப்பியும் பதில் போட்டேன்.