30,000 ரூபாய் இருக்கிறது: புது டிசைனா, புது போட்டோவா?

மேற்கு மாம்பலத்தில் வீட்டிலேயே பொடி வகைகள் அரைத்து விற்கும் ஓர் அக்காவுக்கு வெப்சைட் வேலைகளை நான்தான் பார்த்துக்கொடுக்கிறேன். தீபாவளிக்கு முன்னால் ஒருநாள் கூப்பிட்டார். “தம்பி, சைட்டுக்கு ஆளுங்க வர்றாங்க, பார்க்குறாங்க, ஆர்டர் போடாமலே போயிடுறாங்க. 30,000 ரூபா ஒதுக்கி வச்சிருக்கேன். மொத்தமா புதுசா மாத்திடலாமா?” என்றார்.

இதே கேள்வியோடு பலர் வருகிறார்கள். தையல் கடை, ஏசி மெக்கானிக், கேக் செய்து கொடுப்பவர் என்று எல்லாருக்கும் கையில் இருப்பது ஒருமுறை செலவழிக்கிற பணம்தான். அது வீணானால் அடுத்த வருஷம்வரை காத்திருக்க வேண்டும். அதனால் எதை மாற்றுவது என்று முடிவு செய்வதற்கு முன்னால் அக்காவிடம் ஒரு வேலை சொன்னேன். வீட்டு வாசலுக்கு நேரில் வந்து வாங்குபவர்கள் என்னென்ன கேட்கிறார்கள் என்று ஒரு வாரம் நோட்டில் எழுதி வைக்கச் சொன்னேன்.

நோட்டில் திரும்பத் திரும்ப வந்தவை ஐந்தே கேள்விகள். காரம் எப்படி இருக்கும்? பூண்டு போட்டதா? எத்தனை நாள் கெடாது? கால் கிலோ என்ன விலை? தாம்பரத்துக்கு எப்போது வந்து சேரும்? சைட்டைத் திறந்து பார்த்தோம். ஐந்தில் ஒன்றுக்கும் பதில் இல்லை. “பாரம்பரியச் சுவை, தரமே எங்கள் தாரக மந்திரம்” என்று மட்டும் பெரிய எழுத்தில் இருந்தது. கீழே நான் எதிரெதிரே நிறுத்தும் எல்லாவற்றையும் அந்த நோட்டை வைத்துத்தான் அளந்தேன்.

புது டிசைனா, புது போட்டோவா

புது டிசைன் விற்பவர்கள் முதலில் ஒரு டெமோ காட்டுவார்கள். பார்த்ததும் மனம் மயங்கும். ஆனால் அந்த டெமோவில் நம்மை இழுப்பது பெரும்பாலும் அதில் போட்டிருக்கும் படங்கள்தான். அந்தப் படங்களை எடுத்துவிட்டு நம்முடைய பழைய படங்களைப் போட்டால் பழைய சைட் போலவே ஆகிவிடும். சில நேரம் இன்னும் மோசமாகும். புது டிசைன்களில் படத்துக்கு இடம் அதிகம் என்பதால் மங்கலான படம் இன்னும் பெரிதாக மங்கலாகத் தெரியும். இப்படி ஏமாந்த ஒரு தையல் கடைக்காரரை எனக்குத் தெரியும். முழுப் பணமும் டிசைனுக்கே போய்விட்டது. ரவிக்கைகளை டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த அதே படங்கள் புது சைட்டிலும் உட்கார்ந்திருந்தன.

அதற்காக டிசைனே வேண்டாம் என்று சொல்லவில்லை. போனில் திறந்தால் விரலால் பெரிதாக்கித்தான் படிக்க முடிகிறது என்றால் டிசைனை மாற்றியே ஆக வேண்டும். முகவரிப் பட்டையில் “பாதுகாப்பானது அல்ல” என்று குரோம் காட்டினால் அதற்கு டிசைன் மாற்ற வேண்டியதில்லை. சைட்டுக்கும் போனுக்கும் நடுவே போகும் தகவலைப் பூட்டி அனுப்பும் எஸ்.எஸ்.எல். சான்றிதழ் போட்டால் போதும். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பின் மூலம் அது இலவசமாகவே கிடைக்கும். குரோம் 2018 ஜூலையிலிருந்து இந்த எச்சரிக்கையைக் காட்டிவருகிறது. இன்றும் சில சின்னக் கடைகளின் சைட்டில் அதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. வாசலில் “ஜாக்கிரதை” என்று எழுதி வைத்துவிட்டு வியாபாரம் செய்வது போன்றது அது.

அக்காவின் சைட் போனில் ஒழுங்காகத்தான் திறந்தது. அதனால் போட்டோவில் இறங்கினோம். ஹாலில் ஒரு ஜன்னல் ஓரம், காலை எட்டரை மணி. நேர் வெயில் விழாத, ஆனால் வெளிச்சம் நிறைய இருக்கும் இடம். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை தெர்மாகோல் அட்டையை நிறுத்தி வைத்தேன். நிழல் விழும் பக்கத்துக்கும் வெளிச்சம் திரும்பி வரும் என்பதற்காக. போன் லென்ஸை நன்றாகத் துடைத்துக்கொண்டேன். இட்லிப் பொடியை முதலில் பாட்டிலோடு எடுத்தோம். பிளாஸ்டிக்கில் வெளிச்சம் பட்டுப் பளபளத்ததே தவிர பொடி தெரியவில்லை. எவர்சில்வர் தட்டில் கொட்டினோம். அதிலும் ஜன்னல் கம்பிகள் தெரிந்தன. கடைசியில் வாழையிலை நறுக்கில் குவித்து, நடுவில் விரலால் குழி செய்து, அக்கா நல்லெண்ணெய் விட்டார். எண்ணெய் ஊறி ஓரம் கருஞ்சிவப்பாக மாறிய அந்தக் கணத்தில் எடுத்த படத்தில் பருப்பின் கொரகொரப்பு தெரிந்தது, மிளகாய் விதை தெரிந்தது, எள் தெரிந்தது. காரம் எப்படி என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அந்தப் படத்திலேயே இருந்தது.

இரண்டாவது படம் பாட்டிலைக் கையில் பிடித்தபடி. கால் கிலோ என்றால் எவ்வளவு என்று அப்போதுதான் புரியும். மூன்றாவது படம் பாட்டிலின் பின்பக்க லேபிள்: சேர்மானம், பேக்கிங் தேதி, 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண். அறிமுகமில்லாத வீட்டில் செய்த உணவை வாங்க யோசிப்பவருக்கு அந்த லேபிள் படம் பெரிய தைரியம்.

தொழில்முறை போட்டோகிராபர் தேவையா? உணவுப் பொருளுக்கு ஜன்னல் வெளிச்சமும் பொறுமையும் போதும் என்பது என் அனுபவம். பட்டுப்புடவை, நகை விற்பவர்கள் மட்டும் இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். படத்தில் அரக்கு நிறமாகத் தெரிந்த புடவை கையில் வரும்போது மெரூனாக இருந்தால் அது திரும்பி வந்துவிடும்.

இணையத்தில் கிடைக்கும் பொதுப் படங்களைப் போடலாமா என்று கேட்பவர்களுக்கு வேளச்சேரியில் இருக்கும் ஓர் ஏசி மெக்கானிக்கின் கதையைச் சொல்வேன். அவர் சைட்டின் முகப்பில் மஞ்சள் ஹெல்மெட் போட்ட வெளிநாட்டுக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார். அதை எடுத்துவிட்டு, யூனிஃபார்ம் சட்டையோடும் டூல் பையோடும் மெக்கானிக் தன் வண்டி பக்கத்தில் நிற்கும் படத்தைப் போட்டோம். வீட்டில் தனியாக இருக்கும் ஒரு பெரியவர் கதவைத் திறக்கப்போவது இந்த முகத்துக்குத்தான். அந்த முகத்தை முன்கூட்டியே காட்டுவதுதான் நியாயம்.

ஓடும் ஸ்லைடரா, வேகமா

இதில் எனக்கு இரண்டு மனமே இல்லை, வேகம்தான். அக்காவின் முகப்பில் ஐந்து படங்கள் மாறி மாறி ஓடின, ஒவ்வொன்றும் 3 எம்பி. மாம்பலம் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்பவர் சாதாரண ஆண்ட்ராய்டு போனில் அதைத் திறந்தால் முதல் படம் வருவதற்குள் ரயிலே வந்துவிடும். ஸ்லைடரை எடுத்துவிட்டு ஒரே படம் வைத்தோம். கூகுளின் ஸ்கூஷ் என்ற இலவசக் கருவியில் படங்களை வெப்-பி வடிவத்துக்கு மாற்றி ஒவ்வொன்றையும் 150 கேபிக்குள் கொண்டுவந்தோம்.

பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் பக்கத்தில் உங்கள் சைட் முகவரியைக் கொடுத்தால் வேகத்தை இலவசமாக அளந்து சொல்லும். பக்கத்தின் முக்கியமான பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. 4 விநாடியைத் தாண்டினால் மோசம் என்று கணக்கு. அதே அறிக்கையில் பக்கம் குதிக்கிறதா என்றும் வரும். “வாங்கு” பட்டனைத் தொடப் போகும்போது மேலே ஒரு படம் தாமதமாக வந்து இறங்கி, விரல் வேறெதிலோ பட்டுவிடுகிறதே, அதுதான். அந்தக் குதிப்பை அளக்கும் எண் (சி.எல்.எஸ்.) 0.1-க்குள் இருக்க வேண்டும்.

தமிழா, இங்கிலீஷா

சென்னைக் கடைக்காரர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. “படிச்சவங்கதான் ஆன்லைன்ல வாங்குறாங்க, இங்கிலீஷே போதும்” என்கிறார்கள் சிலர். வேறு சிலர் முழுப் பக்கத்தையும் தானியங்கி மொழிபெயர்ப்பில் தள்ளித் தமிழாக்கி வைக்கிறார்கள். இரண்டுமே எனக்குப் பிடிப்பதில்லை. இரண்டாவது முறையில் முகப்புப் பக்கம் “வீடு” என்று வரும், “வண்டியில் சேர்” என்று ஒரு பட்டன் வரும். கடைக்காரர் தன் சொந்த மொழியில் பேசாததுபோல் ஆகிவிடும் அது. அதைவிட இங்கிலீஷ் மட்டும் இருப்பது மேல்.

வாங்குபவர் யார் என்று பார்த்தால் முடிவெடுப்பது சுலபம். பழைய மகாபலிபுரம் சாலை ஐடி கம்பெனிகளில் வேலை பார்க்கும் வெளிமாநிலத்தவரும் ஏசி சர்வீஸ் தேடுவார்கள். அந்த மெக்கானிக்குக்கு இங்கிலீஷ் முன்னால், தமிழ் பின்னால் என்று வைத்தோம். அக்காவுக்கு நேர் எதிர். அவருடைய பொருளின் பெயரே தமிழில்தான் மணக்கும். “அங்காயப் பொடி” என்பதை எந்த மொழியில் பெயர்ப்பது? தலைப்பில் தமிழ்ப் பெயர், அடியில் அதே பெயர் இங்கிலீஷ் எழுத்தில், அதற்கும் கீழே அக்காவே சொல்லச் சொல்ல நான் எழுதிய இரண்டு வரி: “சுண்டைக்காய், வேப்பம்பூ, மணத்தக்காளி சேர்த்தது. சூடான சோத்துல நெய் விட்டுப் பிசைஞ்சு சாப்பிடணும். பூண்டு கிடையாது.” இங்கிலீஷ் எழுத்திலும் பெயரைப் போட்டதற்குக் காரணம், தமிழர்களிலேயே நிறையப் பேர் போனில் இங்கிலீஷ் எழுத்தில்தான் தேடுகிறார்கள். குரலில் தேடும்போது தமிழ் எழுத்தில் போகலாம். இரண்டுக்கும் பக்கத்தில் இடம் இருக்கட்டும்.

தமிழ் போட்டால் சில வேலைகள் கூடும். நம் சொற்கள் நீளம். “விலைப்பட்டியலைப் பார்க்கவும்” என்ற பட்டன் போனில் மூன்று வரியாக உடைந்தது. “விலை” என்று மாற்றினோம், முடிந்தது. மெல்லிய கோடுள்ள ஃபான்ட் போட்டால் வயதானவர்களுக்கு ற-வும் ந-வும் கரைந்துபோகும். கூகுள் ஃபான்ட்ஸில் முக்தா மலர், ஹிந்த் மதுரை, நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாம் இலவசம். எழுத்து 17, 18 பிக்சல், வரிகளுக்கு நடுவே இங்கிலீஷுக்குக் கொடுப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல் இடைவெளி கொடுத்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும். பழைய பாமினி ஃபான்டில் தட்டி வைத்த பக்கம் இன்னும் இருந்தால் எல்லாப் போனும் தேடலும் படிக்கிற பொது எழுத்துமுறையான யூனிகோடுக்கு உடனே மாற்றுங்கள், தேடலில் அது தமிழாகவே தெரியாது. விலைப்பட்டியலை நோட்டீஸ் மாதிரி ஒரே படமாகப் போடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். வரும் வாடிக்கையாளர் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்துச் சலித்துவிடுவார்.

வாட்ஸாப்பா, கார்ட்டா

அக்காவின் சைட்டில் பெயர், இமெயில், போன் எண் என்று ஏழு கட்டங்கள் உள்ள ஒரு ஃபார்ம் இருந்தது. அதை எடுத்ததில் யாருக்கும் நஷ்டமில்லை. அதன்பின் போட்டி வாட்ஸாப் பட்டனுக்கும், பொருள்களைச் சேர்த்துச் சைட்டிலேயே ஆர்டர் போடும் கார்ட்டுக்கும்தான்.

வாட்ஸாப் பிசினஸ் செயலி 2018-இல் வந்தது, இலவசம். ஒவ்வொரு பொருளுக்குக் கீழேயும் தனித்தனி இணைப்பு வைக்கலாம். தொட்டால் “இட்லிப் பொடி கால் கிலோ வேண்டும்” என்று எழுதியே திறக்கும்படி செய்யலாம். முதல் வரி என்ன எழுதுவது என்ற தயக்கம் வாடிக்கையாளருக்குப் போய்விடும். கஷ்டம் என்னவென்றால், பதில் சொல்ல ஆள் வேண்டும். அக்கா மிளகாய் வறுக்கும் நேரத்தில் போனைத் தொட முடியாது. அதனால் “வறுத்துக்கொண்டிருக்கிறேன், ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொல்கிறேன்” என்று தானாகப் போகும் செய்தியை வைத்தோம். அந்த வார்த்தைகள் அக்காவுடையவை. “உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்” என்பதைவிட அதை எல்லாரும் நம்பினார்கள்.

கார்ட்டும், சைட்டிலேயே பணம் வாங்கிக்கொடுக்கும் பேமென்ட் கேட்வேயும் வைத்தால் நள்ளிரவிலும் ஆர்டர் விழும், கணக்கு ஒழுங்காக இருக்கும். கேட்வேக்காரர்கள் பொதுவாக 2 சதவீத அளவில் எடுப்பார்கள், அந்தக் கட்டணத்தின்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 500 ரூபாய் ஆர்டருக்கு 11 ரூபாய் 80 காசு போகும். யுபிஐ க்யூஆரில் நேராக வாங்கினால் அந்தச் செலவு இல்லை, ஆனால் ஒவ்வொரு ஸ்கிரீன்ஷாட்டையும் பணம் வந்ததா என்று சரிபார்த்து உட்கார வேண்டும். ஒருநாளைக்கு ஏழெட்டு ஆர்டர் வரை வாட்ஸாப் தாங்கும். அதற்கு மேல் போனால் கார்ட்டுக்கு மாறிவிடுவதுதான் உடம்புக்கு நல்லது. அக்காவுக்கு இப்போதைக்கு வாட்ஸாப்.

விலையைப் போடலாமா, “விலைக்கு அழைக்கவும்” என்று விடலாமா என்பதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. போடுங்கள். ஏசி வேலை போல முன்கூட்டியே சொல்ல முடியாத இடத்தில் வந்து பார்ப்பதற்கான கட்டணத்தையாவது போடுங்கள். கூடவே கடையின் முழுப் பெயர், முகவரி, பொருள் திரும்பப் பெறும் விதம், புகார் சொல்ல வேண்டிய எண். 2020-இல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளும் இந்த விவரங்களைக் கேட்கின்றன.

“இன்ஸ்டாகிராம் மட்டும் வச்சுக்கிட்டா போதாதா?” என்று கேட்பவர்களுக்கு, அடுத்தவர் கொடுக்கும் இடத்தை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு ஒரு செய்தி. கூகுள், மேப்பில் கடை விவரம் காட்டும் தன் பிசினஸ் புரொஃபைலோடு சின்னக் கடைகளுக்கு இலவசமாகக் கொடுத்திருந்த சைட்களை 2024 மார்ச்சில் மூடிவிட்டது. அதை மட்டும் நம்பியிருந்தவர்கள் விசிட்டிங் கார்டையே மாற்ற வேண்டியதாயிற்று. இன்ஸ்டாவில் ஆளைப் பிடியுங்கள், கூகுள் மேப்பில் நேரத்தையும் படத்தையும் சரியாக வையுங்கள், ஆனால் உங்கள் பெயரில் ஒரு டொமைன் (சொந்த இணைய முகவரி) இருக்கட்டும்.

அக்காவின் 30,000-இல் செலவானது 9,000 ரூபாய், அதில் என் கூலியும் சேர்த்தி. “பூண்டு போட்டதா?” என்று கேட்டு வரும் போன்கள் குறைந்து, நேராக ஆர்டராகவே வரத் தொடங்கின. மீதிப் பணத்தை லேபிளுக்குக் கொடுத்தார் அக்கா. மூன்றாவது படத்தை எடுக்கும்போதுதான், பேக்கிங் தேதி யாராலும் படிக்க முடியாத அளவுக்குச் சின்னதாக இருப்பதை இருவரும் கவனித்தோம். பாரிமுனைப் பக்கம் ஓர் அச்சகத்தில் தேதியைப் பெரிதாகப் போட்டு, “பூண்டு இல்லை” என்று தமிழில் தனி வரியாகச் சேர்த்து அடித்து வாங்கினோம். வாழையிலை நறுக்கோடு அந்தப் பாட்டிலைத் திரும்ப ஒருமுறை ஜன்னலோரம் வைத்துப் படம் எடுத்தாயிற்று.