கடல் உள்வாங்கினால் எங்கே பார்ப்பது: இன்கோயிஸ் எச்சரிக்கைச் சேவை, ஒரு மதிப்பீடு

பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் வாட்ஸ்அப் வைத்திருக்கும் எவருக்கும் அந்தச் செய்தி ஒரு முறையாவது வந்திருக்கும். கடல் திடீரென்று உள்வாங்கிவிட்டது, நாட்டுப்படகுகள் தரைதட்டிக் கிடக்கின்றன, சுனாமி வரப்போகிறது, உடனே எல்லாருக்கும் அனுப்புங்கள் என்று அது சொல்லும். கூட வரும் படம் பெரும்பாலும் இந்தக் கரையிலேயே எடுக்கப்பட்டதாகத்தான் இருக்கும் என்பதால், ஊரைத் தெரிந்தவர்களே முதலில் நம்பிவிடுகிறார்கள். இத்தகைய செய்தியைச் சரிபார்க்க நமக்கு இருக்கும் வழிகளில் முதன்மையானது, ஹைதராபாத்தில் இயங்கும் இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், அதாவது இன்கோயிஸ், தன் இணையதளத்திலும் ‘சமுத்ரா’ என்ற கைப்பேசிச் செயலியிலும் கட்டணமின்றி வெளியிடும் அறிவிப்புகள். அவற்றைத் தொடர்ந்து வாசித்துவரும் கரையோரவாசி என்ற முறையில், வதந்தியைத் தடுக்கும் கருவியாக அச்சேவை எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது என்பதை மட்டும் இங்கே எடைபோடுகிறேன். மீன் கிடைக்கும் இடங்களைக் காட்டும் அதன் மற்றொரு சேவை தனியாக எழுத வேண்டிய விஷயம்.

இன்கோயிஸ் 1999-இல் தொடங்கப்பட்டது என்றாலும், சுனாமி எச்சரிக்கை மையம் அங்கே செயல்படத் தொடங்கியது 2007 அக்டோபரில்தான். 2004 டிசம்பர் 26 அன்று காலை ஆறரை மணியளவில் சுமத்ராவை ஒட்டிய கடலடியில் பூமி அதிர்ந்து, அலை தமிழகக் கரைக்கு வந்து சேர்வதற்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அத்தனை நேரம் இருந்தும் ஒரு சொல் கூடக் கரைக்கு வரவில்லை என்ற அனுபவத்திலிருந்து பிறந்த மையம் இது. கடலடியில் பெரிய நிலநடுக்கம் ஒன்று பதிவானால் சில நிமிடங்களுக்குள் முதல் அறிக்கை வெளியாகும். பிறகு ஆழ்கடல் மிதவைகளும் கரையோர நீர்மட்ட அளவிகளும் காட்டும் அளவுகளை வைத்து அடுத்தடுத்த அறிக்கைகள் வரும். ஒவ்வொரு அறிக்கையிலும் நிலநடுக்கம் நேர்ந்த இடம், நேரம், அளவு ஆகியவற்றோடு எந்தக் கரைக்கு எந்த நிலை என்பதும் இருக்கும்.

வதந்தியைப் பொறுத்தவரை இச்சேவையின் மிகப் பெரிய பலம், ‘ஆபத்து இல்லை’ என்பதையும் அது ஓர் அறிக்கையாக வெளியிடுவதுதான். 2025 ஜூலை 30 அன்று, நம் நேரப்படி விடிவதற்கு முன், ரஷ்யாவின் கம்சாட்கா பகுதியில் 8.8 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டுப் பசிபிக் நாடுகள் பலவற்றில் மக்கள் மேட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தபோது, இந்தியக் கரைகளுக்கு அச்சுறுத்தல் இல்லை என்று இன்கோயிஸ் தெளிவாக அறிவித்தது. தொலைக்காட்சியில் ‘சுனாமி’ என்ற சொல் ஓடினாலே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பலாமா என்று யோசிக்கும் ஒரு கடற்கரைக்கு, அந்த ஒற்றை வரி எத்தனை தொலைபேசி அழைப்புகளை மிச்சப்படுத்தும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் அதிர்ந்தபோது எச்சரிக்கை விடப்பட்டுக் கரைவாசிகள் வெளியேறியதும், பெரிய அலை ஏதும் வராததால் அன்றே எச்சரிக்கை விலக்கிக்கொள்ளப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும். அதை வீண் அலைச்சல் என்று பேசியவர்கள் உண்டு. எச்சரிக்கை எப்போது வந்தது, எப்போது விலக்கப்பட்டது என்ற இரண்டையும் ஓர் அமைப்பே பொறுப்பேற்றுச் சொன்னதைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன். வதந்தியைக் கிளப்பியவர் அதைத் திரும்பப் பெற்றதாக நம் பகுதியில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

இங்கே வாட்ஸ்அப்பின் பழக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பலமுறை கைமாறி வந்த செய்திக்கு இரட்டை அம்புக்குறி போடுவதையும், அத்தகைய செய்தியை ஒரு நேரத்தில் ஒரே ஒருவருக்கோ ஒரே ஒரு குழுவுக்கோ மட்டுமே அனுப்ப முடியும் என்று 2020-இல் கட்டுப்படுத்தியதையும் அந்நிறுவனம் வதந்திக்கான தடுப்பாகவே செய்தது. ஆனால் மீனவர் குழுக்களில் ஓடுவது எழுத்தைவிடக் குரல் பதிவுதான். கேட்டதைத் தன் குரலில் மறுபடி சொல்லி ஒருவர் அனுப்பும்போது அம்புக்குறி விழாது, தேதி தெரியாது, பேசுபவர் தெரிந்த மாமாவாகவோ மச்சானாகவோ இருப்பதால் சந்தேகமும் எழாது. “காலைல டோக்கன் கிடையாதாம், பெரிய அலை வருதாம்” என்று, கடலுக்குப் போவதற்கான அனுமதிச் சீட்டைப் பற்றி வரும் பத்து விநாடிப் பதிவு போன வாரத்தையதா, போன வருடத்தையதா என்று கண்டுபிடிக்க வழியில்லை. இதற்கு நேரெதிராக ‘தடை நீங்கிவிட்டது, டோக்கன் கொடுக்கிறார்கள்’ என்று பரவும் பொய் இன்னும் கெட்டது. முன்னது ஒரு நாள் கூலியைப் பறிக்கும், பின்னது படகையே கொந்தளிப்பில் கொண்டுபோய் விடும். இன்கோயிஸ் அறிவிப்பில் எந்தத் தேதி எந்த மணியிலிருந்து எந்தத் தேதி எந்த மணி வரை என்பது எழுதப்பட்டிருப்பதால், குரல் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்க அரை நிமிடம் போதும்.

ஆனால் முதலில் சொன்ன வதந்திக்கு இச்சேவை நேரடியாகப் பதில் தருவதில்லை, அதுதான் என் முக்கியமான குறை. நிலநடுக்கம் இருந்தால்தான் சுனாமி அறிக்கை. நிலநடுக்கமே இல்லாமல் பாம்பனுக்கு வடக்கே, வடகடல் பக்கம் நீர் இறங்கிப் பாசி படிந்த பாறைகள் வெளியே தெரிந்தால் அதற்கென்று அறிக்கை ஏதும் வராது. பாக் நீரிணைப் பகுதி மிக ஆழமற்ற கடல். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வற்றம், அதாவது கடல்நீர் இறங்குவது, அதிகமாகும்போது, காற்றும் நீரைக் கரையிலிருந்து தள்ளும் திசையில் அடித்தால், சரிவு குறைந்த கரையில் நீர்மட்டம் சிறிது இறங்கினாலே தரை வெகுதூரம் வெளிப்பட்டுவிடும். ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கும் நாட்டுப்படகும், சேற்றில் புதைந்த நங்கூரமும், காய்ந்துபோன நங்கூரக் கயிறும் படத்தில் பயங்கரமாகத் தெரியும். பாம்பனை ஒட்டிய சின்னப்பாலத்துப் பெண்கள் மாதத்தில் குறிப்பிட்ட நாட்கள் மட்டும், அமாவாசை பௌர்ணமிக் கணக்கு வைத்துக்கொண்டு, கையில் துணி சுற்றிக்கொண்டு பாசி எடுக்கப் போகிறார்கள். அவர்களிடம் அந்தப் படத்தைக் காட்டினால், “அமாவாசைக்கு வத்தாம பின்ன எப்ப வத்தும்?” என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். படத்தை அனுப்புவோர் பெரும்பாலும் கடலில் இறங்காதவர்கள் என்பது என் எண்ணம்.

ஆக, இன்கோயிஸ் பக்கத்தைத் திறந்து அண்மையில் பெரிய நிலநடுக்கம் எதுவும் இல்லை என்று பார்த்து, அறிக்கை இல்லாததையே பதிலாக எடுத்துக்கொள்ளும் பயிற்சி நமக்குத் தேவைப்படுகிறது. ஏற்றவற்றக் கணிப்பும் அதே தளத்தில் கிடைக்கிறது என்றாலும், பதறிப்போன நேரத்தில் அதைத் தேடிப் பிடித்து, வரைகோட்டை வாசித்து, பக்கத்து வீட்டு அக்காவுக்கு விளக்கிச் சொல்வது எல்லாருக்கும் ஆகிற காரியமல்ல. ஆழ்கடலிலிருந்து நீண்ட வெள்ளி நிறத் துடுப்பு மீன் வலையில் சிக்கினால் பேரழிவு வரும் என்று பரப்பப்படும் கதையும் இதே ரகம். ஜப்பானில் ஆழ்கடல் மீன்கள் தென்பட்டதையும் நிலநடுக்கங்களையும் ஒப்பிட்டு 2019-இல் வெளியான ஆய்வு, இரண்டுக்கும் தொடர்பு காணவில்லை.

அலை முன்னறிவிப்புக்கு வருவோம். ராமநாதபுரம் மாவட்டத்துக்கான பேரலை எச்சரிக்கை ‘ரோஜ்மா நகர் முதல் தீர்த்தாண்டதானம் வரை’ என்று ஒரே வரியில் வருவதை நாளிதழ் படிக்கும் அனைவரும் பார்த்திருப்பார்கள். வரைபடத்தில் பார்த்தால் இதைவிடத் துல்லியமாக எல்லை சொல்ல முடியாது என்றே தோன்றும். கடலில் நிற்பவனுக்கு அது இரண்டு கடல்: மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் தெற்கே மன்னார் வளைகுடாவான தென்கடல், வடக்கே பாக் நீரிணையான வடகடல். வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக்காற்று காலத்தில் வடகடல் கொதிக்கும், தென்கடல் படுத்திருக்கும். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக் காலத்தில் நிலைமை தலைகீழ். ஆகவே ஒரே வரி எச்சரிக்கை வரும் நாளில் தன் கண்முன் கடல் அமைதியாக இருப்பதைப் பார்க்கும் ஒருவர், எச்சரிக்கையே பொய் என்று குழுவில் எழுதிவிடுகிறார்; சரியான தகவலும் வதந்திக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. வடகடல், தென்கடல் என்று பிரித்து இரண்டு வரியாகச் சொன்னால் இந்தச் சிக்கலில் பாதி தீரும்.

அலையின் உயரம் சொல்லும் முறையும் விளக்கம் இல்லாமல் குழப்பத்தைத் தருகிறது. அறிவிப்பில் காணும் உயரம் அன்றைய மிகப் பெரிய அலையின் அளவு அல்ல. அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. தனியாக எழும் ஓர் அலை அதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு வரை போகக்கூடும். இரண்டு மீட்டர் என்று போட்டிருந்தார்கள், மூன்றரை மீட்டர் அடித்தது, எல்லாம் பொய் என்ற வாதம் இங்கேதான் முளைக்கிறது. கள்ளக்கடல் எச்சரிக்கையிலும் அப்படியே. தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ எழுந்த புயல் கிளப்பிய நெடுந்தூர அலைகள், இங்கே காற்றே இல்லாத தெளிந்த நாளில் வந்து கரையேறும் என்பதை இரண்டு வரியில் சேர்த்துச் சொன்னால், வெயில் அடிக்கும்போது என்ன எச்சரிக்கை என்று யாரும் கேலி செய்யமாட்டார்கள்.

பாம்பன் துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டு வானிலை ஆய்வு மையத்தின் பொறுப்பு, இன்கோயிஸ் அதற்குப் பொறுப்பில்லை. இருந்தும் வதந்திக்கு அதுவே பெரிய தீனி என்பதால் ஒரு குறிப்பு: ஐந்து, ஆறு, ஏழு ஆகிய மூன்று எண்களும் ஒரே அளவு அபாயத்தையே குறிக்கின்றன. புயல் செல்லும் பாதைக்குத் துறைமுகம் இடப்பக்கம் இருந்தால் ஐந்து, வலப்பக்கம் இருந்தால் ஆறு, புயல் துறைமுகத்தின் மேலோ மிக அருகிலோ கடந்தால் ஏழு. எட்டு, ஒன்பது, பத்தும் அப்படியே, தீவிரப் புயலுக்கானவை. ‘அங்கே ஐந்து, இங்கே ஏழு, நமக்குத்தான் பெரிய புயல்’ என்று கணக்குப் போடுவதில் பொருளில்லை.

சேவையின் மற்றொரு எல்லை, அது இணையத்தை நம்பியிருப்பது. கரையைவிட்டுத் தொலைவு போன படகில் சிக்னல் இல்லை. கரையிலும் வயதானவர்கள் பலர் செயலியைத் திறப்பதில்லை. இந்த இடைவெளியைப் பாம்பனிலிருந்து 2016 முதல் மீனவர்களுக்காகவே ஒலிபரப்பாகும் ‘கடல் ஓசை’ 90.4 சமுதாய வானொலி ஓரளவு நிரப்புகிறது. சமுதாய வானொலியின் ஒலிபரப்பு எட்டும் தூரம் குறைவுதான் என்றாலும், குரல் பதிவாகப் பரவும் பொய்க்குத் தெரிந்த குரலிலேயே பதில் கிடைப்பது லேசான விஷயமில்லை. பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் உண்மை சரிபார்ப்புப் பிரிவு போன்றவை நல்ல பணி செய்தாலும், அவற்றின் மறுப்பு வந்து சேர்வதற்குள் நம் ஊரில் படகுகள் கடலுக்குப் போகாமல் கரையில் கட்டிப்போடப்பட்டிருக்கும்.

விசைப்படகு உரிமையாளர்கள், சங்கப் பொறுப்பாளர்கள், குழுக்களை நடத்துபவர்கள் ஆகியோர் ‘சமுத்ரா’வைக் கைப்பேசியில் வைத்திருப்பது அவசியம் என்றே சொல்வேன், அறிவிப்பை வெட்டி ஒட்டாமல், தேதியும் நேரமும் தெரியும்படி முழுப்படமாகக் குழுவில் போட வேண்டும். நாட்டுப்படகுக்காரருக்கும் வீட்டில் இருப்பவர்களுக்கும் வானொலியே போதும். இன்கோயிஸ் நிறுவனத்திடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில், ‘பாம்பன் வடகடலில் இன்று காலை நீர் வழக்கத்தைவிட அதிகமாக வற்றும், இது இயல்பான ஏற்றவற்றம்’ என்று தமிழில் ஒரு வரியை முன்கூட்டியே வெளியிட வேண்டும்.